வாசகர் கேள்வி – பதில்: வண்ணத்துக்கு முன் சுவர்

மழைக்காலம் முடிந்து பொங்கல் நெருங்கும் நேரத்தில் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை எந்த நிறம் அடிக்கலாம், எந்த வகைப் பெயிண்ட் வாங்கலாம் என்றே கேட்கின்றன. சுவரை எப்படித் தயார் செய்வது என்று கேட்டவர்கள் சிலரே. அவர்களுடைய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் என்னிடம் வந்த குறைகளில், பெயிண்டே காரணமாக இருந்தவை மிகச் சில. மற்றவற்றில் குறை அதற்கடியில் இருந்தது.

தஞ்சாவூருக்கு அருகில் புதிய வீடு கட்டியிருக்கிறோம். உட்பூச்சு வேலை ஐப்பசி நடுவில் முடிந்தது. தை மாதம் கிரகப்பிரவேசம். பூசி 28 நாள் கடந்தால் போதும், பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று மேஸ்திரி சொல்கிறார். அடிக்கலாமா? — வாசகர், தஞ்சாவூர்

28 நாள் என்பது சிமெண்ட் இறுகி வலிமை பெறுவதை வைத்துச் சொல்லப்படும் கணக்கு. நல்ல வெயிலும் காற்றும் உள்ள மாதங்களில் அதற்குள் பூச்சும் ஓரளவு உலர்ந்துவிடுவதால், நாளடைவில் அதுவே பெயிண்ட் அடிப்பதற்கான கணக்காகவும் வழங்கத் தொடங்கிவிட்டது. உங்கள் சுவருக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. ஐப்பசியில் பூசி, ஒரு வாரத்துக்கு மேல் நீராற்றி, அதன்பின் கார்த்திகை முழுவதும் அடைமழையில் நின்ற சுவர் அது. பூச்சின் கனம் அரை அங்குலம்தான் என்றாலும், அதற்குப் பின்னால் நீரில் ஊறவைத்துக் கட்டிய 9 அங்குலச் செங்கல் இருக்கிறது. அதிலுள்ள ஈரம் முழுவதும் வெளியேற வேண்டிய வழிகளில் ஒன்று இந்த உட்பூச்சு. அந்த வழியைப் பட்டியும் (சுவரை வழவழப்பாக்கும் மாவுப் பூச்சு) பிரைமரும் (பெயிண்டுக்கு அடியில் அடிக்கும் பூச்சு) எமல்ஷனும் (நீர் சார்ந்த பெயிண்ட்) சேர்ந்து அடைத்துவிட்டால், கோடையில் சுவர் சூடேறும்போது உள்ளிருக்கும் ஈரம் படலத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். என் சொந்த வீட்டின் படுக்கையறைச் சுவரிலேயே இது நடந்தது. அவசரப்பட்டுத் தையில் அடித்த பெயிண்ட், சித்திரையில் அப்பளம் பொரிவதைப் போல அங்கங்கே உப்பியது. விரலால் அழுத்தினால் உடைந்து, அடியில் பட்டி மாவாக நின்றது.

ஈரம் மட்டுமல்ல, காரமும் பார்க்க வேண்டும். புதிய சிமெண்ட் பூச்சு கடுமையான காரத்தன்மை கொண்டது. எண்ணெய் சார்ந்த பெயிண்ட் அதன்மேல் பட்டால், எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாக மாறுவது போன்ற ஒரு மாற்றம் நிகழ்ந்து, படலம் பிசுபிசுத்துப் பிடி விட்டுப்போகும். சில நிறமிகளும் காரத்தில் வெளுத்துவிடும். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மஞ்சள் கரைத்த நீரில் நனைத்து உலர்த்திய வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து, அலமாரிக்குப் பின்னால் மறையக்கூடிய ஓரிடத்தில் சுவரைச் சற்று நனைத்து, அதன்மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணியும் அப்படி அடர்ந்து சிவந்தால், சுவரின் காரம் இன்னும் தணியவில்லை என்று பொருள். இது காரத்தின் அளவைச் சொல்லாது, இருப்பதை மட்டுமே சொல்லும். காத்திருக்கலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்க அது போதும்.

ஈரத்தை அறிய, ஒன்றரை அடிச் சதுரத்தில் கெட்டியான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டி, ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறத்தில் நீர் முத்துக்கள் கோத்திருந்தாலோ, தாள் மூடிய இடம் மட்டும் கறுத்துத் தெரிந்தாலோ, சுவர் இன்னும் ஈரத்தை வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. தரைக்குச் சற்று மேலே ஓரிடத்திலும், தோளுயரத்தில் ஓரிடத்திலும், குளியலறையை ஒட்டிய சுவரில் ஓரிடத்திலும் எனக் குறைந்தது மூன்று இடங்களில் ஒட்டுங்கள்.

கிரகப்பிரவேசத்துக்கு வீடு வெறும் சிமெண்டாக நிற்கக் கூடாது என்ற உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. அதற்கு ஒரு வழி உண்டு. வெள்ளைச் சிமெண்டை நீரில் கரைத்து ஒரு கை அடித்து, மறுநாள் லேசாக நீர் தெளித்து இறுக விடுங்கள். அது ஈரச் சுவரில் பிடிக்கும், ஈரம் வெளியேறுவதையும் பெரிதாகத் தடுக்காது. சாதாரணச் சுண்ணாம்பு அடிக்க வேண்டாம். அது பின்னாளில் பட்டிக்கு அடியில் மாவுப் படலமாக நின்று தொல்லை கொடுக்கும், முழுவதையும் சுரண்ட வேண்டியிருக்கும். பட்டியையும் எமல்ஷனையும் பங்குனி, சித்திரைக்குத் தள்ளி வையுங்கள். முன்பு பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது இந்தச் சிக்கல் எழவில்லை. சுண்ணாம்பு ஈரத்தோடு ஒத்துப்போகும் பொருள். வழக்கம் அப்படியே நிற்க, சுவரில் பூசும் பொருள் மாறிவிட்டது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு எமல்ஷன் அடிப்பது நம் ஊர் வானிலைக்குப் பொருந்தவே பொருந்தாது.

எங்கள் வீடு கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கூடத்துச் சுவரின் அடிப்பகுதியில், ஏறக்குறைய மூன்றடி உயரம் வரை, உப்புப் பூத்துப் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. மூன்று முறை சுரண்டிப் பட்டி பார்த்து அடித்துவிட்டோம். அடுத்து என்ன பெயிண்ட் வாங்குவது? — வாசகி, நாகப்பட்டினம்

அம்மா, நீங்கள் அடுத்து எந்தப் பெயிண்டும் வாங்க வேண்டாம். உங்கள் சுவரின் சிக்கல் பெயிண்டுக்கு இரண்டு நிலை முன்னால் இருக்கிறது.

மூன்றடி என்று நீங்கள் அளந்து எழுதியதிலேயே விடையும் இருக்கிறது. மேலிருந்து ஒழுகும் நீர் இப்படி நேர்கோடாக ஓர் உயரத்தில் நிற்காது. தரையிலிருந்து ஓதம், அதாவது மண்ணின் ஈரம், ஏறும் சுவரில், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போலச் செங்கல்லின் நுண்துளைகள் வழியே நீர் மேலேறி, ஏறும் வேகமும் உலரும் வேகமும் சமமாகும் உயரத்தில் நிற்கும். அது பெரும்பாலும் மூன்றடியை ஒட்டியே அமையும். நிலத்தடி நீரில் இருக்கும் உப்பு அதோடு ஏறி வந்து, நீர் ஆவியானதும் பூச்சுக்குள்ளேயே படிகமாக உறைகிறது. உறையும்போது அது பருக்கிறது. அந்த விசைதான் பூச்சையும் பட்டியையும் பெயிண்டையும் பொருக்காக வெளியே தள்ளுகிறது. அஸ்திவாரத்துக்கு மேல், சுவர் எழும்பும் மட்டத்தில், ஓதத்தைத் தடுக்கும் அடுக்கு ஒன்று போட்டிருக்க வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் அது இல்லை. இருந்தாலும், பிற்பாடு தெருவையும் வாசலையும் உயர்த்தியதில் அது மண்ணுக்குள் போயிருக்கும்.

முதலில் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். சுவரை ஒட்டித் துளசி மாடமோ, பூந்தொட்டி வரிசையோ, பாத்திரம் கழுவும் நீர் தேங்கும் இடமோ, மண் மேடோ இருந்தால் அதை அகற்றி, நீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி சரிவு அமைத்துவிடுங்கள். சில வீடுகளில் இதற்கே பாதிக் குறை தீர்ந்துவிடும். அதன்பின், ஈரக் கோட்டுக்கு மேல் ஓரடி வரை உட்பூச்சை முழுவதும் கொத்தி எடுத்து, செங்கல்லின் இணைப்புகளை அரை அங்குலம் கிளறி, அப்படியே திறந்து விடுங்கள். கோடை முழுவதும் அது திறந்தே கிடக்கட்டும். செங்கல்மேல் வெண்மையாக உப்புப் பூக்கும்போதெல்லாம் உலர்ந்த தூரிகையால் தட்டித் திரட்டி வெளியே கொட்டுங்கள். நீர் விட்டுக் கழுவினால் அந்த உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போய்விடும். பலர் செய்யும் தவறு இதுதான். சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு ஓதத் தடுப்பு இரசாயனத்தைச் செலுத்தும் முறையும் இருக்கிறது. சுவரின் கனம், அருகில் நிலத்தடி நீர் நிற்கும் ஆழம் இரண்டையும் நேரில் பார்க்கும் பொறியாளர் ஒருவரிடம் கேட்டே அதைச் செய்யுங்கள்.

மறுபூச்சுக்கு உப்பில்லாத நல்ல நீர் வேண்டும். உங்கள் பகுதியில் ஆழ்குழாய் நீர் உவர்ப்பாக இருந்தால், அதில் சாந்து குழைப்பது நீங்களே சுவருக்குள் உப்பை வைப்பதற்குச் சமம். உள்ளே நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தாலோ மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினாலோ எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். அப்படிச் செய்தால் ஓதம் நிற்காது. உலர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, நான்கடியில் புதிதாகப் பூக்கும். அந்த வேலையைச் செய்துவிட்டு வருந்திய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

பெயிண்ட் அடிப்பவர், பழைய டிஸ்டெம்பரைச் சுரண்டத் தேவையில்லை, மேலேயே பட்டி பார்த்துவிடலாம் என்கிறார். சுரண்டினால் இரண்டு நாள் கூலி கூடும் என்றும் சொல்கிறார். — வாசகர், சென்னை

அந்த இரண்டு நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். டிஸ்டெம்பர் என்ற மலிவான நீர்ப் பெயிண்டைச் சுவரில் பிடித்து வைத்திருக்கும் பசை நீரில் இளகக்கூடியது. பட்டியிலும் பிரைமரிலும் உள்ள நீர் பட்டதும் அது இளகி, புதிதாகப் பூசியவை எல்லாம் சுவரில் ஒட்டாமல் அந்த இளகிய படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கும்போது, உள்ளங்கையளவுக்குத் தகடாகக் கழன்று வரும்.

உங்கள் சுவர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். ஈரத் துணியால் ஓரிடத்தைப் பத்துப் பன்னிரண்டு முறை தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் டிஸ்டெம்பர் இளகுகிறது. அடுத்து, வேறோர் இடத்தில் பிளேடால் சிறு கட்டங்களாகக் கீறி, நல்ல பசையுள்ள டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு செதில்கள் வந்தால் பிடிப்பு போய்விட்டது. இரண்டு சோதனையிலும் சுவர் தேறினால் மட்டுமே, உப்புத்தாள் போட்டுத் துடைத்துவிட்டு மேலே வேலை செய்யலாம். தேறாவிட்டால் சுவரை நனைத்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, பட்டித் தகட்டால் சுரண்ட வேண்டும். நனைத்துச் சுரண்டினால் தூசியும் குறையும், வேலையும் சுலபம். சுண்ணாம்பு பல கை ஏறிய சுவருக்கும் இதே வழிதான்.

முதலில் பிரைமரா, பட்டியா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். — வாசகி, திருப்பூர்

இரண்டு வகைப் பட்டிகளை ஒன்றாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. வெள்ளைச் சிமெண்டாலான பட்டித் தூள் இறுகுவதற்கு நீர் வேண்டும். வெறும் பூச்சின்மேல், சுவரை லேசாக நனைத்து, நேரடியாகப் பூச வேண்டும். அடியில் பிரைமர் அடித்தால் பூச்சோடு அது சேர்வது குறையும். குழைத்தே வரும் அக்ரிலிக் பட்டிக்கு நேர்மாறாக, உலர்ந்த சுவரும் அடியில் ஒரு கை பிரைமரும் வேண்டும். அது உள்சுவருக்கு மட்டுமே உரியது, ஈரம் தங்கும் குளியலறைச் சுவருக்கு ஆகாது. எந்தப் பட்டியானாலும், அது முடிந்த பிறகு ஒரு கை பிரைமர், அதன்மேல் இரண்டு கை எமல்ஷன் என்பதில் மாற்றமில்லை.

பட்டியின் கனத்தைப் பற்றியும் எழுத வேண்டும். இரண்டு கையும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கோணல் பூச்சைப் பட்டியாலேயே மட்டப்படுத்த முயல்வது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. கனமாக அப்பிய பட்டி வெடிக்கும். பள்ளங்களைச் சிமெண்ட் சாந்தால் முன்னரே நிரப்பி இறுக விட்டு, மேடுபள்ளம் தேடுவதற்கு இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பகலில் கண்ணுக்குத் தப்பிய ஒவ்வொரு தழும்பும் நிழலாக நீண்டு தெரியும். அவற்றைப் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள். தூளைக் குழைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பூசிவிட வேண்டும். இறுகத் தொடங்கியதில் மீண்டும் நீர் ஊற்றிக் கலக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

முதல் கை பெயிண்டுக்குப் பிறகு தெரியும் குறைகளுக்கு அங்கங்கே பட்டி வைப்பார்கள். அந்த இடங்களுக்கு மட்டும் மறுபடி பிரைமர் தொட்டுவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பட்டி வைத்த இடம் பெயிண்டை உறிஞ்சி, சுவர் திட்டுத் திட்டாகத் தெரியும்.

காரைக்குடியில் பாட்டனார் காலத்து வீடு. வழவழப்பான பழைய சுவர்களில் சில இடங்கள் மங்கியிருக்கின்றன. பட்டி பார்த்து எமல்ஷன் அடிக்க விலை கேட்டிருக்கிறோம். — வாசகர், காரைக்குடி

தயவுசெய்து அந்த வேலையை நிறுத்தி வையுங்கள். செட்டிநாட்டுச் சுவர்களின் அந்த வழவழப்பு, நன்கு அரைத்த சுண்ணாம்பைப் பல அடுக்குகளாகப் பூசி, கடைசி அடுக்கில் முட்டையின் வெண்கருவும் சேர்த்துத் தேய்த்து மெருகேற்றியதால் வந்தது. அதன்மேல் பட்டி ஒட்ட வேண்டுமென்றால் உப்புத்தாளால் அந்த மெருகைக் கீறிக் கெடுக்க வேண்டும். கெடுத்துவிட்டால் திரும்பக் கொண்டுவரும் கைகள் இன்று மிகக் குறைவு. மேலும், சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் இறுக்கமான படலத்தைப் போர்த்தினால், அதுவரை வராத உப்பும் உப்பலும் அதன்பிறகு வரத் தொடங்கும்.

மங்கிய இடங்களை முதலில் உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது பல ஆண்டுத் தூசியாகவே இருக்கும். பூச்சு பெயர்ந்த இடம் இருந்தால், சிமெண்டைத் தவிர்த்து, சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைக் கொண்டு சுண்ணாம்பாலேயே ஒட்டுப் போடுங்கள். ஓட்டிலோ மாடியிலோ ஒழுகல் இருந்தால் அதைச் சரிசெய்வது இதற்கெல்லாம் முந்திய வேலை.

பூஜையறையிலும் சமையலறையிலும் எத்தனை கை அடித்தாலும் மஞ்சளும் கருப்புமாகக் கறை மேலே வந்துவிடுகிறது. — வாசகி, மதுரை

விளக்குப் புகையும் கற்பூரப் புகையும் தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கும் நீர் சார்ந்த பெயிண்டில் கரைந்து மேலே ஊறி வருகின்றன. வெதுவெதுப்பான நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, கையுறை அணிந்து, கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். மேலிருந்து கழுவினால் அழுக்கு நீர் உலர்ந்த சுவரில் கோடுகளாக இறங்கிப் படிந்துவிடும். பிறகு வெறும் நீரால் இரண்டு முறை துடைத்து உலர விடுங்கள். அதன்பிறகும் நிழல் போலத் தெரியும் கறைக்கு, கரைப்பான் சார்ந்த பிரைமர் ஒரு கை அடித்தால் அது கறையை அடியிலேயே பூட்டிவிடும். ஜன்னல்களைத் திறந்து வைத்து, அடுப்பும் விளக்கும் ஏற்றாத நாளில் அந்த வேலையைச் செய்யுங்கள். பழைய ஒழுகல் கறைக்கும் இதுவே மருந்து. ஒழுகல் நின்றிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

சுவரில் விரிசல்கள் இருக்கின்றன. பட்டி வைத்து மூடினால் போதுமா? — வாசகர், கோயம்புத்தூர்

பூச்சின் மேற்பரப்பில் வலைபோல ஓடும் மயிரிழை விரிசல்களுக்குப் போதும். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக ஓடும் விரிசலுக்குப் போதாது. கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலுக்கு வெவ்வேறு அளவில் விரிவதால் அந்த இணைப்பு ஒவ்வோர் ஆண்டும் அசையும். பூசும்போதே அங்கே கோழிவலை வைத்திருக்க வேண்டும். இப்போது செய்யக்கூடியது, விரிசலை ஆங்கில வீ எழுத்தின் வடிவில் கீறி அகலப்படுத்தி, தூசியைத் தட்டி, நெகிழும் தன்மையுள்ள விரிசல் நிரப்பியை இரண்டு தடவையாக அடைத்து, அதன்மேல் நார்வலை டேப் ஒட்டிப் பட்டி பார்ப்பது.

படிக்கட்டு போல ஏறிச் செல்லும் விரிசல், சுவரின் இருபக்கமும் ஒரே இடத்தில் தெரியும் விரிசல், ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் அகலமுள்ள விரிசல் ஆகிய இவற்றை மூடாதீர்கள். இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வைத்து, மாதம் ஒரு முறை பாருங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால், பெயிண்ட் அடிப்பவருக்கு முன்னால் கட்டடப் பொறியாளர் வர வேண்டும்.

வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. உப்புத்தாள் போடும்போது வீடு முழுவதும் தூசி பறக்கிறது. அதே வீட்டில் தங்கியிருக்கலாமா? — வாசகி, சேலம்

சுரண்டும் நாள்களிலும் உப்புத்தாள் போடும் நாள்களிலும் தங்க வேண்டாம். பட்டித் தூசி மிக நுண்ணியது; சிமெண்ட் பூச்சைத் தேய்க்கும்போது எழும் தூசியில் மணலின் நுண்துகளும் இருக்கும். வேலை செய்பவர்கள் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அது போதாது. என்-95 முகக்கவசங்களை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் இந்தத் தூசியை ஆண்டு முழுவதும் சுவாசிக்கிறார்கள்.

வீடு பழையது என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் பெயிண்டில், குறிப்பாகக் கதவு, ஜன்னல், சுவரின் அடியில் அடித்த பளபளப்பான பட்டை ஆகியவற்றில், ஈயம் இருக்கக்கூடும். ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கருவுற்றிருப்பவர்களும் அருகில் இருக்கக் கூடாது. அத்தகைய பெயிண்டை உலர்ந்த நிலையில் தேய்க்கவோ, தீயால் வாட்டிச் சுரண்டவோ விடாதீர்கள். நீர் தெளித்து, நீரில் நனைக்கக்கூடிய உப்புத்தாளால் தேய்த்து, விழுந்த செதில்களைத் தாளில் திரட்டிப் பையில் கட்டிவிட வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் அது மீண்டும் காற்றில் ஏறிவிடும்.

ஓர் அறையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் வாசலில் ஈரமான பழைய புடவையைத் தரை தொடத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, மெயினை அணைத்துவிட்டு ஸ்விட்ச் பெட்டிகளை டேப்பால் மூடி வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். முடிந்ததும் சுவரை மேலிருந்து கீழாக ஈரத் துணியால் துடைத்து, தரையை இரண்டு முறை ஈரமாகத் துடைத்து, ஒரு நாள் முழுவதும் ஜன்னலைத் திறந்து வைத்த பிறகு குழந்தையை அந்த அறையில் படுக்க வைக்கலாம்.